குடும்பக் காலப்பெட்டகம்: வீட்டில் தேடுவதிலிருந்து பெட்டியை மூடுவது வரை

பல ஆண்டுகள் கழித்துத் திறப்பதற்காகப் பொருள்களை வைத்து மூடும் பெட்டிதான் காலப்பெட்டகம். அதைத் திறக்கும்போது ஏமாற்றம் வந்தால், அதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான் இருக்கும். ஒன்று, உள்ளே ஈரம் தங்கி எல்லாம் வீணாகியிருக்கும். மற்றொன்று, பொருள் அப்படியே இருக்கும், ஆனால் அது யாருடையது, எதற்காக வைத்தார்கள் என்று சொல்ல ஆள் இருக்காது. முதலாவதைத் தடுக்க நல்ல பெட்டியும் கொஞ்சம் கணக்கும் போதும். இரண்டாவதற்குத்தான் உழைப்பு வேண்டும். புதிதாக இறங்குபவர்கள் முதலில் பெட்டி வாங்கப் போகிறார்கள். பெட்டி கடைசி வேலை. உங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் தேடுவதற்கும் விசாரிப்பதற்கும் எழுதுவதற்கும் போக வேண்டும்.

எத்தனை ஆண்டுகளுக்கு?

இதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். தாள், பெட்டி, வைக்கும் இடம் எல்லாம் இதைப் பொறுத்தே மாறும். 25 ஆண்டுகள் என்றால் மூடியவர்களில் சிலர் திறக்கும்போதும் இருப்பார்கள், விட்டுப்போன தகவலை வாயால் சொல்லிவிடலாம். 50 ஆண்டுகள் என்றால் எழுத்து மட்டுமே பேசும். 100 ஆண்டுகள் என்பது ஒரு குடும்பத்தால் காப்பாற்றக் கடினமான வாக்கு. 1938-ல் நியூயார்க் உலகக் கண்காட்சித் திடலில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் புதைத்த பெட்டகத்தை 6939-ஆம் ஆண்டில் திறக்க வேண்டும். அது இருக்கும் இடத்தைக் குறித்துத் தனிப் புத்தகமே அச்சிட்டு உலகமெங்கும் நூலகங்களுக்கு அனுப்பி வைத்தார்கள். ஒரு வீட்டுக்கு அந்த வசதி கிடையாது. முதல் பெட்டகத்துக்கு 25 முதல் 30 ஆண்டுகள் வைத்துக்கொள்வதே சரி.

தேடுவது

வேண்டியவை அதிகமில்லை: கைவிளக்கு, முகக்கவசம், மென்மையான தூரிகை, 2பி பென்சில், பல அளவுகளில் வெள்ளைத் தாள் உறைகள், படத்தில் அளவு காட்ட ஓர் அளவுகோல், கைபேசி. கையுறை பற்றி ஒரு குழப்பம் உண்டு. புகைப்படத்தையும் உலோகத்தையும் தொடும்போது நைட்ரைல் கையுறை அணியுங்கள், விரலின் வியர்வையும் எண்ணெயும் நாளடைவில் தடமாகப் பதியும். பழைய தாளுக்குக் கையுறை வேண்டாம். துணிக் கையுறையின் நூல் தாளின் ஓரத்தில் மாட்டிக் கிழிக்கும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத் தொட்டால் போதும்.

பரணையும் பழைய பெட்டியையும் எல்லோருமே பார்ப்பார்கள். தவறவிடும் இடங்கள் வேறு. சட்டமிட்ட படத்தின் பின்னட்டைக்குள் இன்னொரு படமோ, தேதியோடு ஒரு செய்தித்தாள் துண்டோ இருக்கலாம். புத்தகப் பக்கங்களின் நடுவே, பழைய கைப்பைகளின் உள்பைகளில், தையல் டப்பாவில், கண்ணாடிக் கூட்டில், பீரோவின் தட்டில் விரித்த தாளுக்கு அடியில், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் பாருங்கள். பழைய தொலைபேசி எண் நோட்டு ஒரு புதையல்: குடும்பம் யாரோடெல்லாம் உறவில் இருந்தது என்பது அதில் அப்படியே இருக்கும். ஒதுக்கிப் போட்ட கைபேசிகளையும் கேமரா அட்டைகளையும் மறக்க வேண்டாம்.

எதையும் எடுப்பதற்கு முன் இருந்த நிலையிலேயே படம் எடுங்கள். ஒரே கயிற்றில் கட்டியிருந்த கடிதங்கள், ஒரே டப்பாவில் இருந்த பித்தானும் சாவியும் எதற்காகவோ ஒன்றாக இருந்தவை. அவற்றைப் பிரித்து வகை வகையாக அடுக்கினால் அந்தத் தொடர்பு போய்விடும். கட்டுக்கட்டாகவே ஓர் உறையில் போட்டு எண் கொடுங்கள்.

தேடும்போது செய்யக்கூடாதவை நான்கு. வெள்ளி, பித்தளையைப் பளபளக்கத் தேய்க்காதீர்கள், தேய்மானமும் பொறித்த எழுத்தும் அதில்தான் இருக்கின்றன. கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை தாளுக்குள் ஊறி மஞ்சளாகும். லேமினேஷன் செய்யாதீர்கள், ஒருமுறை செய்தால் பிரிக்க முடியாது. சட்டக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட புகைப்படத்தை உரிக்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பசைப்பக்க ஆல்பத்தில் ஒட்டிய படமென்றால், மெழுகு பூசாத பல் நூலைப் படத்துக்குப் பின்னால் செலுத்தி மெல்ல அறுத்து எடுக்கலாம். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பழைய ஃபிலிம் சுருளிலிருந்து வினிகர் வாடை வந்தால் அது அசிட்டேட் ஃபிலிம் சிதைவதன் அடையாளம். மற்ற படங்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள், அந்த அமிலம் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். 1950-களின் தொடக்கத்துக்கு முற்பட்ட சில ஃபிலிம்கள் நைட்ரேட் வகை. எளிதில் தீப்பற்றக்கூடிய அவற்றை மூடிய பெட்டியில் வைக்கவே கூடாது, ஆவணக் காப்பகம் ஒன்றின் ஆலோசனையைக் கேளுங்கள்.

எழுதி வைப்பது

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள். அதில்: எண், என்ன பொருள், அளவு, யாருடையது, அவர் கையில் எப்படி வந்தது, எந்தக் காலம், இந்தத் தகவலைச் சொன்னவர் யார், எதில் சந்தேகம் இருக்கிறது. கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுவார்கள். “தாத்தாவின் கடிகாரம்” என்று எழுதுவதற்கும், “தாத்தாவின் கடிகாரம் என்று மூத்த மகள் சொன்னார், இளைய மகனுக்கு அது நினைவில்லை” என்று எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம். ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். எழுத்தில் ஏறிய ஊகத்தை அடுத்த தலைமுறை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும்.

உறவுப் பெயரை மட்டும் எழுதுவது எல்லா வீடுகளிலும் நடக்கும் பிழை. படத்தின் பின்னால் “பெரியம்மா, சித்தப்பா, பாப்பா” என்று இருக்கும். யாருக்குப் பெரியம்மா? அந்தப் பாப்பாவுக்கு இன்று எழுபது வயதாகியிருக்கலாம். முழுப்பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், யாருடைய மகன் அல்லது மகள், மூன்றும் வேண்டும். குழுப் படமென்றால் பின்வரிசையிலிருந்து தொடங்கி, படத்தைப் பார்ப்பவரின் இடமிருந்து வலமாக எழுதுங்கள். பெயர் தெரியாதவரின் இடத்தில் கேள்விக்குறி போடுங்கள், தாண்டிப் போகாதீர்கள். தாண்டினால் அடுத்தவர் பெயர் இவருக்கு ஏறிவிடும்.

பழைய தாள் படங்களின் பின்பக்கத்தில் பென்சிலால், ஓரத்தில், கடினமான தட்டையான பரப்பில் வைத்து அழுத்தாமல் எழுதலாம். பின்பக்கம் பிளாஸ்டிக் போல வழுவழுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் 1970-களுக்குப் பிந்தைய பூச்சுத்தாள். அதில் பென்சில் பிடிக்காது, பால்பாயின்ட் பேனா முன்பக்கம் புடைக்கும் அளவுக்குப் பதியும். அப்படிப்பட்ட படங்களுக்கு உறையின் மேல் எழுதுங்கள், படத்தை உள்ளே போடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. “உங்கள் காலத்துக் கதையைச் சொல்லுங்கள்” என்று கேட்டால், “என்ன சொல்ல, அப்போ எல்லாம் வேற மாதிரி” என்பதோடு முடிந்துவிடும். பொருளைக் கையில் கொடுங்கள். “இதைக் கடைசியாக யார் கையில் பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். ஓர் அமர்வுக்கு ஐந்தாறு பொருள்கள், முக்கால் மணி நேரம், அதற்கு மேல் களைப்பு வந்துவிடும். கைபேசியை மடித்த துணியின் மேல், பேசுபவரிடமிருந்து அரை மீட்டருக்குள் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், கைபேசியை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே தேதியையும் இருப்பவர்களின் பெயர்களையும் சொல்லிவிடுங்கள். பேசுபவர் ஒரு தேதியைத் தவறாகச் சொன்னால் குறுக்கே திருத்தாதீர்கள், சொல்ல வந்த விஷயம் நின்றுபோகும். பிறகு தாளில் குறித்துக்கொள்ளலாம். முடிந்தால் வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதியுங்கள்.

எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது

இழந்தால் தாங்க முடியாத பொருளை உள்ளே வைக்காதீர்கள். ஒரே ஒரு படம்தான் இருக்கிறது என்றால் நகலை வையுங்கள், அசல் வீட்டில் இருக்கட்டும். சொத்துப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், நகை, பணம் எதுவும் கூடாது. முதலிரண்டும் உயிரோடு இருப்பவர்களுக்குத் தேவைப்படும், பின்னிரண்டும் பெட்டியை உடைக்கக் காரணம் ஆகும்.

மொத்தம் 30 முதல் 40 உருப்படிகள் போதும். அதற்கு மேல் போனால் குறிப்பு எழுதுவதில் சோர்வு வந்து, கடைசிப் பத்துக்கு ஒரு வரிகூட இருக்காது. பரம்பரைப் பொருள்கள் பாதி, இன்றைய பொருள்கள் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். இன்றையதில் விசேஷமானவற்றைவிடச் சாதாரணமானவையே திறப்பவர்களுக்குச் சுவையாக இருக்கும்: யார் எங்கே படுப்பார்கள் என்று குறித்த வீட்டின் வரைபடம், ஒரு சாதாரண நாளில் ஒவ்வொருவரும் காலை முதல் இரவு வரை செய்தது, வீட்டில் மட்டும் புழங்கும் சொற்களின் பட்டியல், ஒவ்வொருவரின் கையெழுத்திலும் ஒரே பத்தி, குழந்தைகளின் உள்ளங்கை வரைவு. விழாப் படங்கள் ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கும். துணி காயும் கொடியையும் செருப்பு கிடக்கும் வாசலையும் யாரும் படம் எடுத்து வைப்பதில்லை.

கடைச் சீட்டுகளை அப்படியே வைத்தால் திறக்கும்போது வெள்ளைத் தாளாக இருக்கும். அவை வெப்பத்தால் அச்சாகும் தாள்கள், சில ஆண்டுகளிலேயே எழுத்து மங்கிவிடும். ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், அந்த டோனர் நிலையானது.

சில பொருள்கள் தாமும் கெட்டு, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்:

பேட்டரி எந்த வடிவிலும் வேண்டாம், கசிந்து அரிக்கும். கைக்கடிகாரத்திலும் பொம்மையிலும் இருப்பதைக் கழற்றுங்கள். திறந்தால் பாடும் வாழ்த்து அட்டைக்குள்ளும் ஒரு பொத்தான் பேட்டரி இருக்கிறது.

ரப்பர் பேண்ட், ரப்பர் பொம்மை, பலூன் உருகி ஒட்டும். ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். கம்பளித் துணியிலும் கந்தகம் உண்டு, அதை வெள்ளியோடு சேர்க்காதீர்கள்.

மென்மையான பிவிசி உறைகளும் ஆல்பங்களும் நாளாக நாளாகப் பிசுபிசுப்பாகும். ஜெராக்ஸ் எழுத்து அதில் ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வரும், நாணயத்தில் பச்சைக் களிம்பு படியும். பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன், பாலியெஸ்டர் உறைகள் பாதுகாப்பானவை.

உணவு, விதை, பூ, வாசனைத் திரவியம், தீப்பெட்டி, மருந்து எதுவும் வேண்டாம். அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

பூச்சியும் பூஞ்சணமும்

இராமபாணப் பூச்சியின் முட்டையோடு ஒரு நோட்டை உள்ளே வைத்து மூடினால் அதன் பிறகு தடுக்க வழியில்லை. தாள், துணி, அட்டை ஆகியவற்றைக் காற்றுப் புகாத பையில் போட்டு மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் எட்டும் ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் 24 மணி நேரம் விடுங்கள், உடனே பிரித்தால் குளிர்ந்த தாளின் மேல் நீர் பூக்கும். குளிர்சாதனப் பெட்டியின் மேலறை பலவற்றில் இந்தக் குளிர் வராது, ஒரு வெப்பமானி வைத்துப் பார்த்துவிடுங்கள். கண்ணாடி நெகட்டிவ், வண்ண ஓவியம், மரமும் உலோகமும் சேர்ந்த பொருள் ஆகியவற்றை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

பூஞ்சணம் பிடித்த தாளை முதலில் நிழலில் முழுவதும் உலர விடுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறை உள்ளே இறங்கும். உலர்ந்தபின் வீட்டுக்கு வெளியே, முகக்கவசத்தோடு, தூரிகையால் தட்டி எடுங்கள். அப்படிப்பட்டதை ஸ்கேன் செய்து, அசலைப் பெட்டிக்கு வெளியே வைப்பதே நல்லது.

தாள், படம், துணி, உலோகம்

மரக்கூழில் செய்த மலிவான தாள் தன் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும். செய்தித்தாள் விரைவில் மஞ்சளாவதும் அதனால்தான். கடிதமும் குறிப்பும் எழுத அமிலமற்ற தாள் வாங்குங்கள். உறையில் ஐஎஸ்ஓ 9706 என்று இருந்தால் நீண்ட ஆயுளுக்கான தாள் என்று பொருள். கனம் 80 முதல் 100 ஜிஎஸ்எம் போதும். ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், சுற்றிலும் மூன்று செ.மீ. இடம் விடுங்கள், ஓரம்தான் முதலில் கெடும். ஒவ்வொரு தாளிலும் பக்க எண் போடுங்கள். பிக்மென்ட் மை (கரையாத நிறத்துகள் கொண்ட மை) பேனா அல்லது பென்சில் பயன்படுத்துங்கள். சாதாரண ஜெல் பேனாவும் ஸ்கெட்ச் பேனாவும் சாயம், ஈரம் பட்டால் கரையும், வெளிச்சத்தில் வெளிறும்.

குண்டூசி, ஸ்டேப்ளர் பின், கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். துருவேறியதை இழுக்காதீர்கள். பின்னுக்கும் தாளுக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, கால்களை நிமிர்த்தி எடுங்கள். செய்தித்தாள் துண்டை நல்ல தாளில் நகலெடுங்கள். அசலையும் வைத்தே ஆக வேண்டுமென்றால் தனிப் பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தாளில் அதன் வடிவத்திலேயே பழுப்புக் கறை விழும்.

படங்களுக்கு இடையே அமிலமற்ற மெல்லிய தாள் வையுங்கள், முகத்தோடு முகம் ஒட்ட விடாதீர்கள். புகைப்பட உறை வாங்கும்போது ஐஎஸ்ஓ 18916 சோதனையில் தேறியதா என்று பாருங்கள், தாள் அமிலமற்றது என்பது மட்டும் படத்துக்குப் போதாது. புதிதாக அச்சிடும் படங்களை ஸ்டுடியோவில் புகைப்படத் தாளிலேயே போடுங்கள். வீட்டு இங்க்ஜெட்டில் என்றால் பிக்மென்ட் மை உள்ளதில்.

துணியைத் துவைத்து, கஞ்சியும் மென்மையாக்கும் திரவமும் போடாமல், ஈரமே இல்லாமல் காயவிடுங்கள். கஞ்சி பூச்சிக்கு உணவு. மடித்தால் மடிப்பில்தான் இற்றுப்போகும், அதனால் அமிலமற்ற தாள் சுற்றிய குழாயில் சுருட்டுங்கள். மடித்தே ஆக வேண்டுமென்றால் மடிப்புக்குள் தாளைக் கசக்கித் திணித்துக் கூர்மையைக் குறையுங்கள். ஜரிகை உள்ள துணியை நீரில் போடாதீர்கள். உலோகப் பொருள்களைத் தனித்தனியே அமிலமற்ற தாளில் சுற்றி ஜிப் பையில் போடுங்கள். தோல் பொருளுக்கும் தனிப் பை, அதன் எண்ணெய் பரவும்.

டிஜிட்டல்

பென் டிரைவ் மின்னூட்டத்தைத் தேக்கித் தகவலை வைத்திருக்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். 25 ஆண்டு தாங்கும் என்று நம்ப முடியாது. ஹார்ட் டிஸ்க்கின் சுழலும் பாகங்கள் இறுகிப்போகலாம். தகவல் தப்பினாலும் படிக்கும் கருவி இருக்குமா என்பது அடுத்த கேள்வி. ஒரு ஃப்ளாப்பியை இன்று எங்கே செருகுவீர்கள்?

ஆகவே பெட்டிக்குள் தாள், பெட்டிக்கு வெளியே டிஜிட்டல். குரல் பதிவில் முக்கியமான பகுதிகளைப் பேச்சு மொழி மாறாமல் எழுதி அச்சிட்டு உள்ளே வையுங்கள். ஆவணங்களை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்), புகைப்படங்களை 600, உள்ளங்கையைவிடச் சிறிய படங்களை 1200 அளவில் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாக வையுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறொரு வீட்டில். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிய சாதனத்துக்கு மாற்றும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதுங்கள். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்று தொடங்கட்டும், அப்போது தானாகவே கால வரிசையில் நிற்கும்.

பெட்டி

ஒரு குடும்பத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போதும். வீட்டுக்குள், வறண்ட இடத்தில், 25 ஆண்டுக்கு என்றால் அமிலமற்ற அட்டைப்பெட்டியை இரும்பு அலமாரியில் வைப்பதே போதுமானது. ஈரமான ஊரென்றாலோ அதிகக் காலமென்றாலோ 304 தர எவர்சில்வர் பெட்டி, அகன்ற வாய், சிலிகோன் வளையம், இறுக்கும் கொக்கிகள். பாலிப்ரொப்பிலீன் டப்பா மலிவு, ஆனால் எந்தப் பிளாஸ்டிக்கும் நீராவியை மிக மெதுவாக உள்ளே விடும், 15 ஆண்டுக்கு மேல் அதை நம்ப வேண்டாம். மரப்பெட்டி அழகு, ஆனால் பல மரங்கள் அமில ஆவியை விடும். தகர டப்பா விளிம்பில் துருப்பிடிக்கும். பிவிசி குழாயை இரு முனையும் அடைத்துச் செய்வதைப் பலர் பரிந்துரைப்பார்கள், அதுவும் பிளாஸ்டிக்தான், நீராவியை உள்ளே விடும், வேண்டாம்.

மூடியின் விளிம்புக்கு சிலிகோன் பசை போடுவதானால், காயும்போது வினிகர் வாடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது அசிட்டிக் அமிலத்தை விடும் வகை, உள்ளே அடைபடும். நியூட்ரல் க்யூர் என்று எழுதிய வகையை வாங்குங்கள்.

எதையும் வைப்பதற்கு முன் கசிவைச் சோதியுங்கள். காலிப் பெட்டிக்குள் டிஷ்யூ தாளைப் போட்டு மூடி, கல் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்துங்கள். உள்ளிருக்கும் காற்று விரிவதால் ஓட்டை இருந்தால் குமிழி வரும். பிறகு ஒரு நாள் முழுக்க ஊற விட்டு, வெளிப்புறத்தைத் துடைத்துத் திறந்து, தாளைத் தொட்டுப் பாருங்கள்.

ஈரக் கணக்கு

நன்றாக மூடிய பெட்டிக்குள்ளும் ஏன் ஈரம் வருகிறது? உள்ளே இருக்கும் காற்றைத்தான் எல்லோரும் சந்தேகிப்பார்கள். 30 டிகிரியில், 60 சதவீத ஈரப்பதத்தில், 10 லிட்டர் காற்றில் இருக்கும் நீர் 0.2 கிராமுக்கும் குறைவு. ஆனால் உள்ளே போகும் ஒவ்வொரு கிலோ தாளிலும் 50 முதல் 90 கிராம் நீர் ஒளிந்திருக்கிறது. தொட்டால் உலர்ந்ததாகவே தெரியும். பெட்டியின் ஒரு பக்கம் சூடாகி மறுபக்கம் குளிர்ந்தால், சூடான பக்கத்துத் தாள் நீரை விடும், குளிர்ந்த சுவரில் அது துளியாகப் படியும். வெளிச்சுவரை ஒட்டிப் பெட்டியை வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

வழி இது. எல்லாப் பொருள்களையும் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கும் அறையில் ஒரு வாரம் விரித்து வையுங்கள். ஏசி அறையும் ஒரு ஈரப்பதமானியும் இருந்தால் எளிது. பிறகு தாளை எடை போடுங்கள். அறை ஈரமாகவே இருந்ததென்றால் ஒரு கிலோ தாளுக்கு சுமார் 150 கிராம் உலர்ந்த சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) தேவை: தாளிலிருந்து 30 கிராம் நீரை இறக்க வேண்டும், ஜெல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரை எடுத்துக்கொள்ளும் என்ற கணக்கு. அறையே வறண்டதாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போதும். அளவுக்கு மிஞ்சிப் போடாதீர்கள். 30 சதவீதத்துக்குக் கீழே போனால் புகைப்படம் சுருளும், தாள் முறியும்.

பை பிரித்து நாளான ஜெல் ஏற்கெனவே நிறைந்திருக்கும். ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, மூடிய கண்ணாடிப் பாட்டிலில் ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். நீலநிற வகையில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் உண்டு, ஆரஞ்சு வகையை எடுங்கள். பருத்தித் துணிப் பையில் கட்டி, பொருளைத் தொடாதபடி அடியில் வையுங்கள். ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலங்களை வீட்டுப் பெட்டகத்தில் தவிர்க்கலாம். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் உள்ளே அழுத்தம் தாழும், சிறிய கசிவு இருந்தாலும் வெளியிலுள்ள ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும்.

அடுக்கி மூடுவது

மழையில்லாத, வறண்ட நாளைத் தேர்ந்தெடுங்கள். கனமானவை அடியில், தாளும் படமும் நடுவில், துணி மேலே. மேல்மட்டத்தில் முழுப் பட்டியல். இடைவெளியைக் கசக்கிய அமிலமற்ற தாளால் நிரப்புங்கள், பெட்டியைச் சாய்த்தால் எதுவும் உருளக் கூடாது. ஒவ்வோர் அடுக்கையும் படம் எடுங்கள். கொக்கிகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் வளையம் நெளியும்.

வெளியே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், உதிர்ந்துவிடும். உலோகத்திலேயே பொறியுங்கள்: குடும்பப் பெயர்கள், மூடிய தேதி, திறக்க வேண்டிய தேதி, “ஆபத்தான பொருள் எதுவும் இல்லை” என்ற வரி. அடையாளம் தெரியாத மூடிய உலோகப் பெட்டியைக் கண்டால் அறியாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதை யோசித்தால் அந்த வரியின் அவசியம் புரியும்.

எங்கே வைப்பது

மண்ணில் புதைக்காதீர்கள். அமெரிக்காவின் டல்சா நகரில் 1957-ல் ஒரு புத்தம்புது பிளிமத் பெல்வெடியர் காரை நிலத்தடிக் கான்கிரீட் தொட்டிக்குள் இறக்கி மூடினார்கள். 2007-ல் திறந்தபோது தொட்டிக்குள் நீர் புகுந்து கார் துருவேறிக் கிடந்தது. கலிஃபோர்னியாவின் கொரோனா நகரம் 1930-களிலிருந்து புதைத்த 17 பெட்டகங்களின் இடத்தையே தொலைத்துவிட்டது. ஊர்களுக்கே இந்தக் கதி.

வீட்டுக்குள், உள்சுவர் பக்கம், தரையிலிருந்து ஒரு சாணாவது மேலே வையுங்கள். கூரையை ஒட்டிய பரண் வெயிலில் காயும். குளியலறை, சமையலறைச் சுவர் ஈரம் கசியும். கரையான் வரும் மர அலமாரியும் வேண்டாம்.

இருவரைப் பொறுப்பாக்குங்கள், ஒருவர் நடுவயதில், மற்றவர் சிறு வயதில். வீடு மாறினால் பெட்டி யாரோடு போகும் என்பதையும் எழுதுங்கள். பெட்டி இருக்கும் இடம், படம், உள்ளே இருப்பவற்றின் பட்டியல், திறக்கும் தேதி ஆகியவை கொண்ட தாளை மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வீட்டின் முக்கிய ஆவணங்களோடும் மற்ற இரண்டை வெவ்வேறு உறவினர் வீடுகளிலும் வையுங்கள். கைபேசி நாட்காட்டி நினைவூட்டலை மட்டும் நம்பினால், அந்தக் கணக்கு மூடப்படும் நாளில் நினைவும் போய்விடும்.

திறக்கும் முறையும் அதே தாளிலேயே இருக்க வேண்டும், பெட்டிக்குள் வைத்தால் படிப்பதற்குள் திறந்திருப்பார்கள். எழுத வேண்டியது இவ்வளவுதான்: திறக்கும் அறைக்குப் பெட்டியை ஒரு நாள் முன்பே கொண்டுவந்து மூடியபடி வையுங்கள். வறண்ட நாளில், முகக்கவசத்தோடு, பெரிய மேசையில் திறங்கள். ஒவ்வோர் அடுக்கையும் எடுப்பதற்கு முன் படம் எடுங்கள். தாள்கள் ஈரமாகி ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு அன்றே ஃப்ரீசரில் வையுங்கள், இரண்டு நாள் வெளியே கிடந்தால் பூஞ்சணம் கிளம்பிவிடும். பிறகு ஆவணங்களைச் சீர்செய்யத் தெரிந்தவரை அழையுங்கள்.